ஜப்பானில் பெரிய வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் டோக்கியோ, கியோத்தோ எல்லாம் முடிவான பிறகு ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். ஒரு ராத்திரியாவது ஒன்சென் (வெந்நீர் ஊற்று) விடுதியில் தங்க வேண்டும், ஆனால் எதில்? முன்பதிவுத் தளத்தைத் திறந்தால் எட்டு அறை கொண்ட மரவீடும் இருக்கிறது, பதினைந்து மாடிக் கட்டடமும் இருக்கிறது. சில சமயம் விலையும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தப் பக்கம் அந்தப் பதினைந்து மாடிக் கட்டடத்தைப் பற்றியது. நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையே இங்கே வைத்திருக்கிறேன்.

பெரிய விடுதி என்று எதைச் சொல்கிறீர்கள்?

நூறு அறைக்கு மேல் உள்ளவற்றை. கியூஷூ தீவில் பெப்பு நகரத்தின் சுகினோய் ஹோட்டல், ஹொக்கைடோவில் நொபோரிபெட்சுவின் தாய்-இச்சி தாகிமோத்தோகான், வகாயாமா மாகாணக் கடற்கரையில் நாச்சிகட்சுஉராவின் ஹோட்டல் உராஷிமா, நிக்கோவுக்குப் பக்கத்தில் கினுகாவாவின் அசாயா எல்லாம் இந்த வகை. பெயரில் ‘ஹோட்டல்’ என்று இருந்தாலும் நடைமுறை ரியோகான் என்ற பாரம்பரிய ஜப்பானிய விடுதியுடையது. இரவு உணவும் காலை உணவும் அறை வாடகையோடு சேர்ந்தே வரும். அறையில் யுகாத்தா என்ற பருத்தி அங்கி மடித்து வைத்திருக்கும். எல்லோரும் அதை உடுத்திக்கொண்டே கட்டடம் முழுக்க நடமாடுவார்கள், சாப்பாட்டுக் கூடம் உட்பட.

சுருக்கமாகச் சொல்லுங்கள். தங்கலாமா, வேண்டாமா?

மாலை மூன்று, நான்கு மணிக்குள் போய்ச் சேர முடியும் என்றால் தங்கலாம். ஏழு மணிக்குத்தான் போய்ச் சேர்வோம், காலை எட்டுக்குக் கிளம்பிவிடுவோம் என்றால் வேண்டாம். நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான்.

பெரிய விடுதியில் நீங்கள் கொடுக்கும் காசு அறைக்கு மட்டும் இல்லை. மூன்று மணியிலிருந்து மறுநாள் பத்து மணி வரை அந்தக் கட்டடத்துக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்: சாப்பாட்டுக்கு முன் ஒரு குளியல், தூங்கப்போகும் முன் ஒன்று, விடிந்ததும் ஒன்று, நடுவில் இரண்டு வேளைச் சாப்பாடு. அந்த நேரத்தை அதற்கே கொடுக்க மனமிருந்தால் கொடுத்த காசு வீண்போகாது. ஊர் சுற்றிப் பார்க்க ஓர் இரவுக்கு இடம் வேண்டும் என்பவர்களுக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய சாதாரண ஹோட்டலே போதும்.

எதற்காக இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் எந்த விடுதியை எடுப்பது என்பதும் பாதி விளங்கிவிடும். 1960களில் தொடங்கி 80களின் கடைசி வரை ஜப்பானில் கம்பெனிச் சுற்றுலா கொடிகட்டிப் பறந்தது. அலுவலகம் முழுவதும் பேருந்தில் ஏறி வந்து, தத்தாமி பாய் விரித்த பெரிய விருந்துக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டு, குடித்து, பாடிவிட்டு, குளித்துவிட்டுத் தூங்கும். அந்தக் கூட்டத்துக்காகத்தான் இருந்த கட்டடத்தின் பக்கத்தில் புதுக்கட்டடம், அதற்கு அடுத்து இன்னொன்று என்று எழுப்பினார்கள். நினைவுப்பொருள் கடை, கரோக்கே, டேபிள் டென்னிஸ், ராத்திரி ராமென் கடை எல்லாம் உள்ளேயே வந்தன. விருந்தினர் வெளியே போகத் தேவையில்லாமல் போனது. சுற்றியிருந்த தெருக்கள் வெறிச்சோடின.

90களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்ததும் கம்பெனிக் கூட்டம் வற்றிவிட்டது. கினுகாவாவில் 2003 நவம்பரில் அஷிகாகா வங்கி நொடித்து அரசு கைக்குப் போனபோது, அதன் கடனில் ஓடிக்கொண்டிருந்த விடுதிகள் பலவும் அடுத்தடுத்துத் தடுமாறின. இன்றும் ஆற்றோரப் பள்ளத்தாக்கில் கண்ணாடி உடைந்த பெரிய கட்டடங்கள் கைவிடப்பட்டு நிற்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே பார்க்கலாம்.

தப்பிப் பிழைத்தவை இரண்டு வழியில் பிழைத்தன. சில விடுதிகள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக் குடும்பங்களை நோக்கித் திரும்பின. சுகினோய் அப்படி. 1944இல் தொடங்கிய அந்த விடுதி கடந்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய முழுவதும் புதுக் கட்டடங்களாகிவிட்டது. வேறு சில விடுதிகளைச் சங்கிலி நிறுவனங்கள் வாங்கி, பஃபே உணவும் குறைந்த விலையுமாக நடத்துகின்றன. நீங்கள் பார்க்கும் விடுதி இதில் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். இரண்டிலும் தங்கலாம். ஆனால் இரண்டாவது வகையில் அறையும் நடைபாதையும் 1980களிலேயே நின்றுவிட்டது போல இருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவருக்கு ஏமாற்றம் இருக்காது.

பெரிய விடுதியில் தண்ணீர் உண்மையான ஊற்றுநீர்தானா? மறுசுழற்சி என்று படித்தேனே?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் 1948இல் வந்த ஒன்சென் சட்டத்தின்படி, நிலத்திலிருந்து வரும் நீர் வெளிவரும் இடத்தில் 25 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று பொருந்தினாலே ஒன்சென்தான். ஆகவே 27 பாகையில் வரும் நீரைக் கொதிகலனில் காய்ச்சித் தொட்டியில் விட்டாலும் அது சட்டப்படி ஒன்சென்.

தொட்டி பெரிதாக இருந்தால் அதை நிரப்ப நிறைய நீர் வேண்டும். ஊற்று அவ்வளவு தராதபோது, தொட்டி நீரையே வடிகட்டி, குளோரின் சேர்த்து, சூடாக்கித் திரும்ப விடுவார்கள். இதற்கு நேர் எதிரான முறைக்கு ‘கென்சென் காக்கேநாகாஷி’ என்று பெயர். ஊற்றுநீர் ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருக்கும், தொட்டி நிரம்பி மறுபக்கம் வழிந்து போய்விடும். ஒன்சென் பிரியர்கள் தேடுவது இதைத்தான்.

2004இல் நாகானோ மாகாணத்தில் பால் போன்ற வெள்ளை நீருக்குப் பேர்போன ஷிராஹோனேயில், சில குளியல்களில் குளியல்பொடி கலந்து வெள்ளையாக்கியது வெளியே வந்து நாடே பேசியது. அதற்கு மறு ஆண்டிலிருந்து ஒவ்வொரு விடுதியும் நான்கு விஷயங்களை எழுதி ஒட்டியாக வேண்டும் என்று விதி வந்தது: வேறு நீர் கலக்கிறோமா, சூடாக்குகிறோமா, சுழற்சி செய்கிறோமா, குளியல்பொடியோ கிருமிநாசினியோ சேர்க்கிறோமா. உடை மாற்றும் அறைச் சுவரில், பெரும்பாலும் எடைபார்க்கும் கருவிக்குப் பக்கத்தில், சட்டகத்துக்குள் வைத்த தாளாக இது தொங்கும். கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படிக்கலாம்தான், ஆனால் உடை மாற்றும் அறைக்குள் கைப்பேசியை எடுப்பதே தவறு. விடுதியின் இணையதளத்தில் இதே தகவல் இருக்கும், அங்கே படித்துவிடுங்கள்.

சுழற்சி என்றதும் அசுத்தம் என்று நினைக்க வேண்டாம். அங்கே குளோரின் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2002இல் மியாசாகி மாகாணத்தின் ஹியூகா நகரில் ஒரு குளியல் நிலையத்துத் தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி பெருகி ஏழு பேர் இறந்தார்கள். 2023இல் ஃபுகுவோகா மாகாணத்தில் பெயர்பெற்ற ஒரு பழைய விடுதி, வாரம் ஒரு முறையாவது மாற்ற வேண்டிய தொட்டி நீரை ஆண்டுக்கு இரண்டே முறை மாற்றி வந்தது தெரிந்து பெரிய செய்தியானது. சுழற்சி நீரில் லேசாகக் குளோரின் வாடை வந்தால் அங்கே யாரோ தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பெரிய விடுதி என்றாலே சுழற்சி நீர் என்பதும் சரியில்லை. பெப்புவில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் ஊற்றுகள் இருக்கின்றன. சுகினோய் ஹோட்டல் தன் நிலத்தடி நீராவியை வைத்து மின்சாரமே எடுக்கிறது, 1,900 கிலோவாட் திறனுள்ள நிலையம். நொபோரிபெட்சுவில் தாகிமோத்தோகானுக்குப் பின்னாலேயே ஜிகொகுதானி பள்ளத்தாக்கு கந்தகப் புகை விட்டுக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ஐந்து வகை ஊற்றுநீர் வந்து முப்பத்தைந்து தொட்டிகளில் விழுகிறது. ஒன்றில் கந்தகம், ஒன்றில் உப்பு, ஒன்றில் இரும்பு. ஒவ்வொன்றிலும் இறங்கும்போது தோலிலேயே வித்தியாசம் தெரியும். அந்த விடுதியின் தொடக்கமும் 1858இல் தாகிமோத்தோ கின்சோ என்ற தச்சர், தோல்நோயால் அவதிப்பட்ட தன் மனைவிக்காகக் கட்டிய குளியல் குடில்தான். நீருக்காகவே போகிறவர்களுக்கு, பெரிய விடுதிகளில் நான் முதலில் சொல்லும் பெயர் இது.

உடை இல்லாமல் குளிக்க வேண்டுமாமே. எங்களால் முடியுமா?

ஆமாம், பொதுக் குளியலில் நீச்சலுடை கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. வாசலில் திரை தொங்கும். நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறத்தில் சந்தேகம் இருந்தால் எழுத்தைப் பாருங்கள். மேல்பாதியில் நான்கு கட்டம் போட்ட பெட்டி இருந்தால் ஆண்கள் பக்கம். பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இடையே இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டு குளியலையும் பார்க்கட்டும் என்று. முந்தின இரவு போன வாசலுக்குள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு நேரே நுழையாதீர்கள்.

கூச்சப்படுகிறவர்களுக்குப் பெரிய விடுதிதான் எளிது என்பது என் கருத்து. சின்ன விடுதிக் குளியலில் நீங்களும் இன்னும் இருவரும் மட்டும் இருப்பீர்கள், ஒருவரை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். பெரிய கூடத்தில் நீராவி மூட்டத்துக்குள் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. முதல் ஐந்து நிமிடம்தான் சங்கடம்.

முறை இதுதான். உடைகளைக் கூடையில் வைத்துவிட்டுக் கைத்துண்டு அளவுள்ள சின்னத் துண்டோடு உள்ளே போங்கள். சுவரோரம் சின்ன முக்காலியும் கைக்குழாயும் வரிசையாக இருக்கும். உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, நுரை ஒரு சொட்டு இல்லாமல் அலசுங்கள். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும். நீளமுடியைத் தூக்கிக் கட்டுங்கள். பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது. தலைமேல் மடித்து வைத்துக்கொள்ளலாம், கரையில் வைக்கலாம். நீந்தக் கூடாது. வெளியே வரும்போது உடம்பைத் துடைத்துவிட்டே உடைமாற்றும் அறைக்குள் கால் வையுங்கள்.

முடியவே முடியாது என்பவர்களுக்கும் வழி உண்டு. ‘காஷிகிரி’ என்று சொல்லும் தனிக்குளியலை முக்கால் மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சில ஆயிரம் யென் ஆகும். வந்து சேர்ந்தவுடன் வரவேற்பு மேசையில் பதிவு செய்யுங்கள், மாலை நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறைக்குள்ளேயே ஒன்சென் தொட்டி உள்ள அறைகளும் உண்டு, விலை கூட. இது தவிரச் சுகினோயின் அக்குவா கார்டன், ஹாக்கோனேயின் யுனெஸ்ஸன் போன்ற இடங்களில் நீச்சலுடையோடு குடும்பமாக இறங்கலாம்.

நாங்கள் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

தமிழ்க் குடும்பங்களுக்கு முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். இங்கே பெரிய விடுதி, சிறிய விடுதி என்பதும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

சிக்கல் இறைச்சியில் இல்லை, ‘தாஷி’யில் இருக்கிறது. உலர்த்திச் சீவிய கட்சுவோ மீனிலிருந்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், வேகவைத்த காய், நூடுல்ஸ் குழம்பு, முட்டைச் சுருள், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் இருக்கும். தட்டில் காய்கறி மட்டுமே தெரிந்தாலும் மீன்சாறில் வெந்ததாக இருக்கலாம். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சியை நீக்கிவிட்டு மீனை நிறைய வைக்கும் இடங்களும் உண்டு. இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம், முட்டை வேண்டுமா வேண்டாமா என்று நான்கையும் தனித்தனியே, முன்பதிவின்போதே, எழுதிக் கேளுங்கள். வந்து நின்றுகொண்டு சொன்னால் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியாது.

சிறிய விடுதியில் இரவு உணவு காய்செகி, அதாவது ஒவ்வொரு சின்னப் பாத்திரமாக வரிசையாக வரும் விருந்து. முன்னதாக ஒத்துக்கொண்ட இடம் என்றால் அருமையாகச் செய்து தருவார்கள், ஒத்துக்கொள்ளாத இடத்தில் அன்றிரவு பட்டினிதான். பெரிய விடுதிகள் பலவற்றில் பஃபே. யாரிடமும் விளக்கம் சொல்லாமல் உங்களுக்கு ஆனதை மட்டும் எடுக்கலாம். வெறும் சோறு, குளிர்ந்த டோஃபு, சாலட், வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பழம், காலையில் நாட்டோ (புளிக்கவைத்த சோயா) இவை ஏறக்குறைய எங்கும் இருக்கும். டோஃபுவின்மேல் ஊற்றும் சோயா சாறில் தாஷி கலந்த வகையும் உண்டு, கேட்டு ஊற்றுங்கள். தெம்புரா காய்தான் என்றாலும் மாவில் முட்டை இருக்கலாம், இறால் பொரித்த அதே எண்ணெயாகவும் இருக்கும்.

கையில் பருப்புப்பொடியும் கொஞ்சம் தொக்கும் இருந்தால் ஜப்பானியச் சுடுசோற்றுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் பொட்டலம் பிரிப்பதற்கு முன் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இறைச்சி கலந்த எதையும் விமான நிலையத்தில் உள்ளே விட மாட்டார்கள். அறையில் மின்அடுப்பு வைத்துச் சமைப்பது கூடவே கூடாது.

முட்டைகூட வேண்டாம், வெங்காயம் பூண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு என் பரிந்துரை வேறு. பெரிய விடுதியை விட்டுவிட்டு கோயாசான் மலைக்குப் போங்கள். அங்கே பௌத்த மடங்களில் தங்கலாம். கடற்பாசியும் ஷிடாகே காளானும் போட்டெடுத்த சாறில் ஷோஜின் உணவு சமைப்பார்கள், மீனும் முட்டையும் வெங்காயமும் பூண்டும் கிடையாது. அவற்றில் ஃபுகுச்சி-இன் என்ற மடத்தில் ஒன்சென் குளியலும் இருக்கிறது.

வயதான அப்பா அம்மாவோடும் குழந்தைகளோடும் போகிறோம். சரிப்படுமா?

பெரிய விடுதி இவர்களுக்காகவே என்று சொல்லலாம். மின்தூக்கி உண்டு, நாற்காலி மேசையில் சாப்பாடு, நிலையத்திலிருந்து விடுதிப் பேருந்து. மழை, பனி எது பெய்தாலும் வெளியே போகாமல் பொழுது போகும்.

ஆனால் உள்ளே நடை அதிகம். ஹோட்டல் உராஷிமா உச்சக்கட்டம். மலைக்குள் 154 மீட்டர் நீளத்துக்கு நகரும் படிக்கட்டு ஓடுகிறது, ஏறி முடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கே கடல் குடைந்த பாறைக்குகைக்குள் இருக்கும் குளியலில் உட்கார்ந்தால் அலை வாசலில் வந்து மோதும். குழந்தைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். முட்டி வலியுள்ள அம்மா அந்தக் குகைக்குப் போய்த் திரும்புவதற்குள் களைத்துவிடுவார். குளியலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் அறை கேளுங்கள்.

தரையில் ஃபுத்தோன் மெத்தை விரித்துப் படுத்து எழுவது கடினம் என்றால், தத்தாமியும் கட்டிலும் சேர்ந்த ‘வாயோஷித்சு’ அறை என்று கேட்டால் கிடைக்கும். கழிப்பறை எங்கும் மேற்கத்திய பாணிதான்.

தொட்டி நீர் பொதுவாக 40 முதல் 42 பாகை வரை இருக்கும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இறங்கும் முன் காலிலிருந்து மேலே வாளிநீரை ஊற்றி உடம்பைப் பழக்கி, ஐந்து நிமிடத்தில் ஏறிவிட வேண்டும். மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. துணை இல்லாமல் குளிக்க முடியாத அப்பாவுக்கு உதவி மகள்தான் என்றால் தனிக்குளியல் ஒன்றே வழி.

ஆண்குழந்தை அம்மாவோடு பெண்கள் பக்கம் போவதற்கு முன்பு பத்து வயது வரை அனுமதித்த ஊர்கள் இருந்தன. 2020 முடிவில் சுகாதார அமைச்சகம் வழிகாட்டு விதியை மாற்றியது. ஏழு வயது ஆகிவிட்டால் ஆண்கள் பக்கம்தான். டயப்பர் கட்டும் குழந்தையைப் பெரிய தொட்டியில் பல விடுதிகள் விடுவதில்லை.

விலை எப்படிக் கணக்கு?

அறைக்கு இல்லை, ஆளுக்கு. 18,000 யென் என்று போட்டிருந்தால் இருவருக்கு 36,000, இரண்டு வேளைச் சாப்பாடு உட்பட. ஒரே அறையில் ஆள் கூடினால் தலைக்கு விலை குறையும். தனியாகப் போகிறவருக்குப் பெரிய விடுதி பெரும்பாலும் கட்டுப்படியாகாது, சனிக்கிழமையில் தனிநபரை ஏற்காத இடங்களும் உண்டு. பஃபே வகைச் சங்கிலி விடுதிகள் வார நாளில் பத்தாயிரத்தைச் சுற்றி ஆரம்பிக்கும். சனிக்கிழமை, புத்தாண்டு வாரம், ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் ஆகிய நாள்களில் விலை எகிறும்.

குழந்தைக்கு வழக்கமான கணக்கு: பெரியவர் போன்ற உணவு என்றால் 70 விழுக்காடு, குழந்தை உணவு என்றால் 50, மெத்தை மட்டும் என்றால் 30. இதோடு குளியல் வரி ஆளுக்கு 150 யென், பெரும்பாலும் அங்கேயே கட்ட வேண்டும். சில ஊர்களில் இது கூடுதல். டிப்ஸ் தேவையில்லை.

முன்பதிவுத் தளத்தில் ஒரே விடுதிக்கு ஏன் இத்தனை விலை?

கட்டடம் வேறு வேறு. ‘ஹொன்கான்’ மூலக்கட்டடம், ‘ஷின்கான்’ புதுக்கட்டடம், ‘பெக்கான்’ துணைக்கட்டடம். நான்காயிரம் யென் குறைவு என்று எடுக்கும் அறை நாற்பது வருடம் புதுப்பிக்காததாக இருக்கலாம். படங்கள் எல்லாம் புதுக்கட்டடத்துடையதாக இருக்கும். எந்தக் கட்டடத்தில், எந்த ஆண்டு புதுப்பித்த அறை என்று பாருங்கள்.

பாதுகாப்புக்கும் இதைப் பார்க்க வேண்டும். 1980 நவம்பரில் கினுகாவாவுக்கு அருகே கவாஜியில் ஒரு விடுதி தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள், பலர் குழுவாக வந்த முதியவர்கள். அதன் பிறகுதான் விடுதிகளுக்குத் தீப்பாதுகாப்பு முத்திரை தரும் முறை வந்தது. நிலநடுக்கத்துக்கான கட்டட விதி 1981இல் கடுமையானது. அதற்கு முந்தைய விதிப்படி கட்டிய பெரிய விடுதிகள் சோதனை செய்து முடிவை அறிவிக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் திருத்தினார்கள், உள்ளூர் அரசுகள் அந்த முடிவுகளை வெளியிட்டிருக்கின்றன. அறைக்குள் நுழைந்ததும் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெளியேறும் வழிப்படத்தைப் பார்த்து, ஒரு தடவை அந்தப் படிக்கட்டு வரை நடந்து வாருங்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய கட்டடங்களில் பகலிலேயே வழி குழப்பும்.

நகை, பச்சை குத்தல், மாதவிடாய், கர்ப்பம்?

வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கந்தக நீரில் பட்டால் சில நிமிடங்களில் கறுத்துவிடும். நொபோரிபெட்சு, குசாட்சு, ஹாக்கோனேயின் சில ஊற்றுகள் எல்லாம் இப்படி. அறையிலேயே கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். தங்கத்தில் கலந்திருக்கும் வெள்ளியும் செம்பும்கூட மங்கும் என்பதால் தாலிச்சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கந்தகம் இல்லாத ஊற்றாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பச்சை குத்தியவர்களை 2015இல் சுற்றுலாத் துறை எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 56 விழுக்காட்டு இடங்கள் மறுப்பதாகச் சொல்லின. அனுமதித்தவை 31. ஒட்டுத்தாளால் மறைத்தால் சரி என்றவை 13. கையில் அம்மா பெயரைப் பச்சை குத்திய பாட்டிக்கும் இதே விதிதான், ஆகவே முன்பே கேளுங்கள், அல்லது தனிக்குளியல் எடுங்கள்.

மாதவிடாய் நாள்களில் பொதுத் தொட்டியைத் தவிர்ப்பது இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் நாகரிகம். கர்ப்பிணிகள் ஒன்சென் இறங்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை அரசு 2014இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. வழுக்கும் தரையும் நீண்ட நேரச் சூடும்தான் கவனிக்க வேண்டியவை.

கூட்டம் தாங்க முடியுமா?

நேரம் தெரிந்தால் முடியும். நெரிசல் இரண்டு வேளை: சாப்பாட்டுக்கு முன் ஐந்திலிருந்து ஆறரை, பிறகு இரவு ஒன்பது மணி. எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் குளியல் காலி. சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி இருந்தால் முதல் பந்தியை எடுத்து, ஏழரைக்குக் குளிக்கப் போங்கள். விடியற்காலை ஐந்து மணி இன்னும் நல்லது. சுகினோயின் தானாயு என்ற திறந்தவெளிக் குளியல் கடலை நோக்கி ஐந்து அடுக்காக இறங்குகிறது. அடிவானம் வெளுக்கும் நேரத்தில் கீழடுக்கில் உட்கார்ந்தால் பெப்பு விரிகுடாவும் தொட்டி நீரும் ஒரே பரப்பாகத் தெரியும். அதற்காக ஒரு நாள் தூக்கத்தை விடலாம்.

எப்போது சிறிய விடுதிதான் சரி?

ஊரே பார்க்க வேண்டியதாக இருக்கும்போது. கினொசாகியில் ஊருக்குள் பல பொதுக்குளியல் நிலையங்கள் இருக்கின்றன. யுகாத்தாவும் மரச்செருப்புமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடப்பதுதான் அங்கே இன்பம். குமாமோத்தோவின் குரோகவாவில் 1986இலிருந்து ஒரு மரவில்லையை வாங்கினால் மூன்று விடுதிகளின் குளியலுக்குப் போகலாம். இப்படிப்பட்ட ஊர்களில் பெரிய கட்டடத்துக்குள் அடைந்து கிடப்பது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். புதுமணத் தம்பதி, பேச்சுக் குரலே கேட்கக் கூடாது என்பவர்கள், சமையலுக்காகவே போகிறவர்கள் சிறியதையே எடுக்கட்டும்.

தங்காமல் குளித்துவிட்டு மட்டும் வரலாமா?

வரலாம். ‘ஹிகாஏரி’ என்று கேளுங்கள். தாகிமோத்தோகான் உட்படப் பல பெரிய விடுதிகள் பகலில் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகின்றன. ஒன்சென் பிடிக்குமா என்று தெரியாதவர்களுக்கு இது நல்ல சோதனை.

முன்பதிவுக்கு முன் கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?

இரவு உணவுக்கு எத்தனை மணிக்குள் உட்கார வேண்டும் என்று. பல இடங்களில் ஏழு மணிக்கு மேல் சமையலறை ஏற்காது, ரயில் தாமதம் என்றாலும். டோக்கியோ அசகுசாவிலிருந்து கினுகாவாவுக்கு விரைவு ரயிலிலேயே இரண்டு மணி நேரம் ஆகும், டோக்கியோ நிலையத்திலிருந்து அத்தாமி என்ற ஒன்சென் ஊருக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலின் ‘கொதாமா’வில் ஐம்பது நிமிடம். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். நிலையத்திலிருந்து வரும் விடுதிப் பேருந்துக்குப் பெரும்பாலும் தனியாகப் பதிவு வேண்டும், கடைசி வண்டி ஐந்து மணியோடு முடிந்துவிடும் இடங்களும் உண்டு. நோத்தோ தீபகற்பத்தின் வகுரா ஒன்செனை நினைத்திருந்தால், 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் அங்கே 1906இல் தொடங்கிய புகழ்பெற்ற காகாயா உட்படப் பெரிய விடுதிகள் சேதமடைந்து மூடின. எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ரயில் சீட்டு எடுங்கள். தாமதமானால் தொலைபேசியில் சொல்லுங்கள். சொல்லாமல் வராமல் போனால் முழுத்தொகையும் வசூலிக்கும் உரிமை விடுதிக்கு உண்டு, உங்கள் பெயரில் எடுத்து வைத்த மீனும் காயும் அன்றிரவே குப்பைக்குப் போகும்.